பெருவேட்டைக்கு ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்: எங்கே கை வைக்கலாம், எதைத் தொடக்கூடாது

கடையிலிருந்து வந்த, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ளும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிளை வேட்டைக்கு ஏற்றபடி மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் பேரலில் தொடங்குகிறார்கள், இல்லாவிட்டால் டிரிகரில். நூறு மீட்டரில் மூன்று குண்டும் ஒரே ஓட்டைக்குள் விழவேண்டும் என்ற ஆசை. இலக்குப் போட்டிக்கு அது சரி. கேப் எருமை, ஈலண்டு, எல்க் மான் போன்ற பெரிய விலங்குகளுக்குப் போகிற ரைபிளுக்கு வரிசை வேறு. மேகசினில் உள்ள ஒவ்வொரு தோட்டாவும் சிக்காமல் ஏறி, வெடித்து, வெளியே வரவேண்டும். இது முதல் வேலை. தோளுக்குத் தூக்கியதும் தேடாமல் கண் சைட்டுக்கு நேரே வந்து நிற்கவேண்டும், இது இரண்டாவது. இன்று வைத்த ஜீரோ, அதாவது சைட் காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி செய்த அமைப்பு, அடுத்த மாதமும் நகராமல் இருக்கவேண்டும். துல்லியம் இதற்கெல்லாம் பிறகுதான். நூறு மீட்டரில் மூன்று குண்டுகள் நான்கைந்து சென்டிமீட்டருக்குள் விழுந்தால் வேட்டைக்கு அது தாராளம். அதை இரண்டு சென்டிமீட்டராகக் குறைக்கச் செலவழிக்கும் பணத்தை மேலே சொன்ன மூன்றில் போடுவதே புத்திசாலித்தனம்.

உதாரணத்துக்கு .375 எச் அண்ட் எச் மேக்னம் ரைபிளையே எடுத்துக்கொள்வோம். 1912ல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் கொண்டுவந்த இந்தத் தோட்டா 300 கிரெய்ன், அதாவது 19.4 கிராம் குண்டை நொடிக்குச் சுமார் 770 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. ஆற்றல் 5,700 ஜூலுக்கு மேல். நமீபியாவில் எருமைக்கும் யானைக்கும் சட்டப்படி வேண்டிய குறைந்தபட்சம் 5,400 ஜூல், குடு, ஓரிக்ஸ், ஈலண்டு போன்ற மான் இனங்களுக்கு 2,700 ஜூல். மான் இனங்களுக்கு மட்டும் போகிறவர்களுக்கு .30-06 போதும். கீழே வரும் வேலைகள் இரண்டுக்கும் ஒன்றுதான்; .375ன் உதை .30-06ஐப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என்பதால், எந்தக் குறையும் அதில் சீக்கிரம் வெளியே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கையில் இருக்கும் .30-06 ரைபிளுக்குப் பேரலை மட்டும் மாற்றி .375 ஆக்கிவிடலாம் என்று யோசிப்பவர்கள் உண்டு. .30-06 தோட்டாவின் அதிகபட்ச நீளம் 84.8 மி.மீ., .375ன் நீளம் 91.4 மி.மீ. அந்த வித்தியாசத்துக்கு இடம் உண்டாக்க மேகசின் பெட்டியை நீட்டி, பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பருக்கு ஏறும் சரிவை (ஃபீட் ராம்ப்) செதுக்கவேண்டும். அந்த ராம்ப்புக்கு மேலேதான் போல்ட்டைப் பூட்டும் கீழ்ப் புடைப்பு (லாக்கிங் லக்) உட்காரும் இடம் இருக்கிறது. அங்கே இரும்பைக் குறைத்தால், போல்ட்டைத் தாங்கும் இரும்பு உடலான ஆக்‌ஷனின் பலமே குறையும். நீளமான மேக்னம் ஆக்‌ஷனில் தொடங்குவதுதான் சரி.

தோட்டா ஏறுவதும் இறங்குவதும்

மௌசர் 98 ரைபிளில் உள்ள நீண்ட எக்ஸ்ட்ராக்டர் (கேஸைக் கவ்வி வெளியே இழுக்கும் கொக்கி) போல்ட்டின் பக்கவாட்டில் கிடக்கும், போல்ட்டோடு சுழலாது. மேகசினிலிருந்து தோட்டா மேலே எழும்போதே அதன் விளிம்பு எக்ஸ்ட்ராக்டரின் கொக்கிக்குள் வழுக்கி நுழைந்துவிடுகிறது. இதைக் கண்ட்ரோல்டு ஃபீட் என்பார்கள். 1936ல் வந்த வின்செஸ்டர் மாடல் 70ம் இதே வழியில் செய்யப்பட்டது. 1964ல் அந்தக் கம்பெனி இதைக் கைவிட்டதால்தான் அதற்கு முந்தைய ரைபிள்களுக்கு இன்றும் தனி மதிப்பு. ரெமிங்டன் 700 போன்ற புஷ் ஃபீட் ரைபிள்களில் போல்ட் தோட்டாவைச் சும்மா தள்ளிக்கொண்டு போகும். போல்ட் முழுதாக மூடும் கடைசிக் கணத்தில்தான் சிறிய எக்ஸ்ட்ராக்டர் விளிம்பின்மேல் ஏறிக் கவ்வும்.

வேறுபாடு பதற்றத்தில் தெரியும். தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளிவிட்டு, போல்ட்டை முழுதாக மூடாமல் மறுபடி பின்னால் இழுத்துவிட்டால், புஷ் ஃபீட்டில் அந்தத் தோட்டா சேம்பரிலேயே தங்கிவிடும். அடுத்த தள்ளலில் இரண்டாவது தோட்டாவின் முனை முதல் தோட்டாவின் பின்புறத்தில் போய் முட்டும். கண்ட்ரோல்டு ஃபீட்டில் முதல் தோட்டா போல்ட்டோடு திரும்பி வந்து வெளியே விழும். மான் வேட்டைக்குப் புஷ் ஃபீட்டில் ஒரு குறையும் இல்லை. எருமைக்குப் போகிறவர் ஆக்‌ஷனைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்தால் கண்ட்ரோல்டு ஃபீட்டையே எடுக்கட்டும்.

அதிலும் ஒன்றைச் சோதிக்க வேண்டும். ஒற்றைத் தோட்டாவைக் கையால் சேம்பருக்குள் போட்டு போல்ட்டை மூடினால், எல்லா மௌசர் வகை எக்ஸ்ட்ராக்டரும் விளிம்பின்மேல் ஏறிவிடாது. ஏறுவதற்கு அதன் முன்விளிம்பு சரிவாகத் தீட்டப்பட்டிருக்க வேண்டும். ஏறாத ரைபிளில் போல்ட்டைப் பலவந்தமாக மூடினால் எக்ஸ்ட்ராக்டர் உடையும். அப்படிப்பட்ட ரைபிளில் எப்போதும் மேகசின் வழியாகத்தான் தோட்டாவை ஏற்றவேண்டும்.

சோதனைக்கு மருந்தும் அதைப் பற்றவைக்கும் ப்ரைமரும் இல்லாத டம்மித் தோட்டாக்கள் வேண்டும். முக்கியமானது, வேட்டைக்குக் கொண்டுபோகப்போகும் அதே குண்டின் முனை வடிவம் டம்மியிலும் இருக்கவேண்டும். கூர்முனை வழுக்கிக்கொண்டு போகும் ராம்ப்பில் தட்டைமுனை சாலிட் குண்டு மாட்டிக்கொள்வது சாதாரணமாக நடப்பது. மேகசினை நிரப்பி, மெதுவாகத் தள்ளிப் பாருங்கள், வேகமாகத் தள்ளிப் பாருங்கள், ரைபிளைப் பக்கவாட்டில் சாய்த்துவைத்தும் தலைகீழாகப் பிடித்தும் பாருங்கள். முதல் தோட்டா நன்றாக ஏறி, கடைசித் தோட்டா மட்டும் சிக்கினால் சந்தேகம், தோட்டாக்களைத் தாங்கும் தட்டான ஃபாலோயரின் மேலும் ஸ்ப்ரிங்கின் மேலும்தான். எல்லாத் தோட்டாவும் ஒரே பக்கத்திலிருந்து வரும்போது மட்டும் சிக்கினால் அந்தப் பக்கத்து ரெயிலை, அதாவது தோட்டாவை மேகசினுக்குள் பிடித்துவைக்கும் மேல்விளிம்பைப் பார்க்கவேண்டும். ரெயிலில் அரம் வைப்பது வீட்டு வேலை அல்ல. அங்கே கூடுதலாக எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. தோட்டா முன்கூட்டியே துள்ளி வெளியே வரத் தொடங்கும். எந்தத் தோட்டா எங்கே சிக்குகிறது என்று துல்லியமாகக் குறித்துக்கொண்டு துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொடுங்கள், அவருக்கு வேலை பாதியாகக் குறையும்.

மேகசினின் அடிமூடியான ஃப்ளோர்பிளேட்டின் தாழ்ப்பாளையும் இதே கையோடு பார்த்துவிடலாம். தளர்ந்த தாழ்ப்பாள் .375ன் உதையில் திறந்துகொண்டு, மேகசினில் இருந்ததை எல்லாம் காலடியில் கொட்டிவிடும். அழுத்தமான ஸ்ப்ரிங் போட்டு, மேகசின் நிரம்பிய நிலையில் சுட்டுப் பார்க்காமல் அதை நம்பக்கூடாது. அந்தச் சோதனையிலேயே இன்னொன்றும் தெரிந்துவிடும்: மேகசினில் மிஞ்சியிருக்கும் தோட்டாக்களின் நீளத்தை வெர்னியர் காலிப்பரால் சுடுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். உதையில் தோட்டா முன்சுவரில் மோதி, குண்டு கேஸுக்குள் இறங்கியிருந்தால், கேஸின் வாய் குண்டை இறுகப் பிடிக்கும் கிரிம்ப் போதவில்லை என்று பொருள்.

ஸ்டாக்: பெட்டிங்கும் பொருத்தமும்

ரைபிளின் மர அல்லது ஃபைபர் கட்டையும் (ஸ்டாக்) ஆக்‌ஷனும் சேரும் இடத்தில்தான் ஜீரோ நகர்வதற்கான காரணம் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களும் இறுகியிருக்கும்போது ஒரு டயல் இண்டிகேட்டரை ஸ்டாக்கின் முன்பகுதியான ஃபோர்எண்டின் முனையில் கட்டி, அதன் ஊசியைப் பேரலில் வைக்கவேண்டும். பிறகு முன் ஸ்க்ரூவை மெதுவாகத் தளர்த்துங்கள். ஊசி 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் ஆக்‌ஷன் ஸ்டாக்குக்குள் வளைந்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்க்ரூ இறுகும் அளவு மாறும்போதெல்லாம் குண்டு விழும் இடமும் மாறும்.

தீர்வு, பில்லர் வைத்த எபாக்சி பெட்டிங், அதாவது ஸ்டாக்குக்குள் இரும்பு சீராக உட்கார எபாக்சிப் படுக்கை. ஸ்க்ரூ துளைகளைப் பெரிதாக்கி அலுமினியக் குழாய்களை உள்ளே ஒட்டினால், மரம் எவ்வளவு நசுங்கினாலும் ஸ்க்ரூவின் இறுக்கம் மாறாது. உதையை ஸ்டாக்குக்குக் கடத்தும் ரீகாயில் லக்கின் முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, அடிப்பாகம் ஆகியவற்றில் ஒரு சுற்று எலக்ட்ரிக் டேப் ஒட்டவேண்டும். பின்முகத்தை மட்டும் வெறுமையாக விடவேண்டும். உதையைத் தாங்குவது அந்தப் பின்முகம்தான். மற்ற பக்கங்களும் எபாக்சியோடு ஒட்டிக்கொண்டால் ஆக்‌ஷன் ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் வேறு வேறு விதமாக உட்காரும். டிரிகர் ஓட்டை, ஸ்க்ரூத் துளை, மேகசின் இடைவெளி எல்லாவற்றையும் களிமண்ணால் அடைத்து, இரும்புப் பகுதி முழுவதும் ரிலீஸ் ஏஜெண்ட் இரண்டு கோட் பூசுங்கள். விட்டுப்போன ஒரு சின்ன இடம் போதும், ஆக்‌ஷன் ஸ்டாக்கோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

எபாக்சியைத் தடவியபின் ஸ்க்ரூவை முறுக்கி இறுக்குவது எல்லோரும் செய்யும் தவறு. இறுக்கினால் பழைய வளைவு அப்படியே எபாக்சியில் பதிந்துவிடும். ஆக்‌ஷன் தன் எடையில் அமர, ஸ்க்ரூ வழிகாட்டியாக மட்டும் நிற்கவேண்டும். ஃபோர்எண்ட் முனைக்கருகே பேரலைச் சுற்றிச் சில சுற்று டேப் போட்டால் பேரல் நடுவில் நிற்கும். 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். பிரித்தபின், ஸ்க்ரூ பில்லரின் உள்சுவரைத் தொடாதபடி துளையைச் சற்றுப் பெரிதாக்கவேண்டும். தொட்டால் உதையின் ஒரு பங்கு ஸ்க்ரூவின் மேல் போகும்.

பெரிய கேலிபரில் மிக அதிகமாக உடையும் இடம் டேங்கின் பின்புறம். ஆக்‌ஷனின் வால்பகுதி பின்னால் மரத்தை ஒட்டி நின்றால், ஒவ்வொரு உதையும் அந்த மரத்தை ஆப்படித்ததுபோல் பிளக்கும். விரிசல் டேங்கிலிருந்து கைப்பிடி வழியாக நேராகப் பின்னால் ஓடும். அங்கே அரை மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி கட்டாயம். மர ஸ்டாக் என்றால் ரீகாயில் லக்குக்குப் பின்னால் ஒன்றும், மேகசினுக்கும் டிரிகருக்கும் இடையே ஒன்றுமாக இரண்டு கிராஸ்போல்ட்டும் போட்டுவிடுங்கள். பேரலைச் சுற்றி ஃபோர்எண்டில் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விடலாம். மழையில் மரம் ஊதினாலும் தொடாது. ரீகாயில் பேடுக்கு அடியில் உள்ள மரத்தையும் சீல் செய்ய மறக்கவேண்டாம், ஈரம் ஏறுவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

பெட்டிங் முடிந்தபின் ஆக்‌ஷன் ஸ்க்ரூவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து, பில்லர் உள்ள ஸ்டாக்கில் 45 முதல் 60 அங்குல-பவுண்டு வரை இறுக்கலாம். தயாரிப்பாளர் சொன்ன எண் இருந்தால் அதுவே சரி. என்ன எண் என்பதைவிட, ஒவ்வொரு முறையும் அதே எண் என்பதுதான் முக்கியம்.

பொருத்தம் பற்றி அதிகம் எழுதுவார் இல்லை. ஆனால் முதல் குண்டு சரியான இடத்தில் போவது பெரும்பாலும் இதைப் பொறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு ரைபிளை வழக்கம்போல் தோளில் வையுங்கள், கன்னத்தைக் கட்டையில் பதியுங்கள், பிறகு கண்ணைத் திறங்கள். சைட் நேராகத் தெரியவேண்டும். தலையை உயர்த்தியோ தாழ்த்தியோ தேடவேண்டியிருந்தால் கன்னம் படியும் மேல்விளிம்பின் (கோம்ப்) உயரம் தவறு. கழுத்தை நீட்டவேண்டியிருந்தால் ஸ்டாக் அளவுக்கு மேல் நீளம். ஸ்டாக்கின் வழக்கமான நீளம், டிரிகரிலிருந்து பேட் வரை, 34 செ.மீ. சுற்றளவில் இருக்கும். குளிர்ப் பிரதேசத்துக்குத் தடித்த கோட்டோடு போகிறவர் ஒரு சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ளவேண்டும். இதை வீட்டில் மெல்லிய சட்டையோடு சோதித்தால் தெரியாது. பேட் 25 மி.மீ. தடிமனுள்ள மென்மையானதாக இருக்கட்டும், ஆனால் அதன் மேல்முனை உருண்டையாகவும் வழுக்கலாகவும் இருக்கவேண்டும். ஒட்டும் ரப்பர் சட்டையில் மாட்டி ரைபிள் பாதியில் நின்றுவிடும். எடையில் சிக்கனம் பார்க்கவேண்டாம். .375 ரைபிள் ஸ்கோப்போடு நான்கு கிலோவுக்குக் குறைந்தால் பயிற்சியில் சுடவே கை தயங்கும், பயிற்சி இல்லாதவர் களத்தில் டிரிகரை வெடுக்கென்று இழுத்துவிடுவார்.

டிரிகரும் சேஃப்டியும்

வேட்டை ரைபிளுக்கு 1.4 முதல் 1.8 கிலோ இழுப்பு போதும். அதற்குக் கீழே போகவேண்டாம். குளிரில் மரத்துப்போன விரலுக்கும் ஓடி வந்து மூச்சிரைக்கும் கைக்கும் ஒரு கிலோ டிரிகர் ஆபத்து. தயாரிப்பாளர் கொடுத்த சரிசெய்யும் எல்லையைத் தாண்டி ப்ரைமரை அடிக்கும் ஃபயரிங் பின்னைப் பிடித்துவைக்கும் சியரின் ஈடுபாட்டைக் குறைப்பது கன்ஸ்மித்துக்கும் சிக்கலான வேலை. எதை மாற்றினாலும், தோட்டா இல்லாமல், சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து உறுதி செய்தபின், இந்தச் சோதனைகளைச் செய்யவேண்டும்: போல்ட்டைப் பலமாக அடித்து மூடவேண்டும், ரப்பர்ச் சுத்தியலால் ரைபிளைப் பல பக்கத்திலும் தட்டவேண்டும், சேஃப்டி போட்டு டிரிகரை இழுத்து விட்டபின் சேஃப்டியை எடுக்கவேண்டும். எந்தச் சோதனையிலாவது ஃபயரிங் பின் விழுந்தால் அந்த ரைபிள் தோட்டாவைப் பார்க்கக்கூடாது.

சேஃப்டியில் மாடல் 70ன் மூன்றுநிலை அமைப்பு நல்லது. அது டிரிகரை மட்டும் தடுக்காமல் ஃபயரிங் பின்னையே பிடித்து நிறுத்துகிறது. நடுநிலையில் வைத்தால் பின் பூட்டியிருக்கும்போதே போல்ட்டைத் திறந்து தோட்டாக்களை வெளியே எடுக்கலாம்.

சைட்

எருமைக்கு 1–4, 1–6 மடங்கு பெரிதாக்கும் வகை ஸ்கோப், கண்ணிலிருந்து 9 செ.மீ.க்குக் குறையாத ஐ ரிலீஃப். இல்லாவிட்டால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். ஸ்கோப்பின் இடத்தை நின்ற நிலையில் நிர்ணயிக்கவேண்டும். பெஞ்சில் உட்கார்ந்தால் தலை முன்னே சாயும். அங்கே சரியாகத் தெரிந்த படம் நின்று சுடும்போது வேறாக இருக்கும்.

ஸ்கோப்பைத் தாங்கும் பேஸை மாட்டுமுன் ஸ்க்ரூவையும் துளையையும் அசிட்டோனால் எண்ணெய் போகத் துடைத்து, ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல நிற த்ரெட்லாக்கர் ஒரு துளி வைக்கலாம். முன் பேஸின் ஸ்க்ரூ ஒரு மரைச் சுற்று நீளமாக இருந்தாலும் பேரலின் மரையிலோ போல்ட்டின் லக்கிலோ போய் இடிக்கும். மாட்டியபின் போல்ட் முன்பைவிட இறுக்கமாக மூடினால் ஸ்க்ரூவைக் குறைக்கவேண்டும். கனத்த உதைக்கு 6-48 அளவு ஸ்க்ரூக்கள் காலப்போக்கில் அறுபடுவதுண்டு. கன்ஸ்மித்திடம் கொடுத்து 8-40 ஆக மாற்றிக்கொள்வது சின்னச் செலவு. ஸ்கோப் குழாயைப் பிடிக்கும் ரிங்கின் ஸ்க்ரூவுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டுக்கு மேல் போகவேண்டாம். த்ரெட்லாக்கரும் அங்கே வேண்டாம். அது மசகாக வேலை செய்து, ரெஞ்ச் காட்டுவதைவிட அதிகமாக இறுகி ஸ்கோப் குழாயை நசுக்கும்.

ஸ்கோப் உடைந்தாலோ, அடர்ந்த புதருக்குள் போகவேண்டியிருந்தாலோ லென்ஸ் இல்லாத அயர்ன் சைட் வேண்டும். குவிக் டிடாச் மவுண்ட் போட்டால் ஸ்கோப்பைக் கழற்றி மாட்டிச் சுட்டுப் பாருங்கள். குண்டு நூறு மீட்டரில் இரண்டரை சென்டிமீட்டருக்குள் பழைய இடத்துக்கே வரவேண்டும். அயர்ன் சைட்டை 50 மீட்டருக்கு வைக்கலாம். உயரம் எவ்வளவு மாற்றவேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு: இரு சைட்டுகளுக்கும் இடையிலான தூரத்தை, குண்டு விலகிய அளவால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்கவேண்டும். சைட்டுகளுக்கிடையே 40 செ.மீ., 50 மீட்டரில் குண்டு 10 செ.மீ. கீழே என்றால் விடை 0.8 மி.மீ. குண்டு கீழே போவதால் முன் சைட்டின் மணியை (பீட்) அந்த அளவு குறைக்கவேண்டும். அரத்தை எடுக்குமுன் வேட்டைக்குக் கொண்டுபோகும் தோட்டாவாலேயே அளந்தீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேரலும் மற்றவையும்

பேரலில் செய்ய அதிகம் இல்லை. 56 முதல் 61 செ.மீ. நீளம் போதும். வெட்டிக் குறைத்தால் ஒவ்வொரு இரண்டரை சென்டிமீட்டருக்கும் நொடிக்கு எட்டு மீட்டர்போல் வேகம் குறையும், குண்டு வெளியேறும் வாய் விளிம்பையும் (கிரவுன்) புதிதாகக் கடைசல் போடவேண்டும். முன் ஸ்லிங் வளையம் ஃபோர்எண்டில் இருந்தால் கனத்த உதையில் தாங்கும் கையைக் கிழிக்கும். அதைப் பேரல் பேண்டுக்கு மாற்றிவிடுங்கள். பேரல் முனையில் மாட்டும் மசில் பிரேக் உதையைக் குறைக்கும், உண்மை. ஆனால் பக்கத்தில் நிற்கும் டிராக்கருக்கும் வழிகாட்டிக்கும் காது போய்விடும். .375க்கு அது வேண்டவே வேண்டாம்.

எண்ணெயில் கவனம் தேவை. உறைபனிக்குப் போகிறவர் போல்ட்டுக்குள் இருக்கும் எண்ணெயை முழுதாகக் கழுவி உலர்த்தவேண்டும். இல்லாவிட்டால் அது கெட்டியாகி ஃபயரிங் பின் மெதுவாக விழும், ப்ரைமர் வெடிக்காது. வெயில் பிரதேசத்தில் தோட்டாவை நேர் வெயிலில் வைக்கக்கூடாது. சூடேறிய மருந்தின் அழுத்தம் கூடி, கேஸ் சேம்பரில் இறுகும். 1911ல் வந்த .416 ரிக்பியின் கேஸ் அவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணமே வெப்பநாட்டில் கார்டைட் என்ற அக்கால மருந்தின் அழுத்தத்தைக் குறைவாக வைப்பதுதான்.

புறப்படுமுன்

எல்லா மாற்றமும் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே முடிந்திருக்கவேண்டும். அதற்குப்பின் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் சுடுவது மட்டும்தான் வேலை. தோட்டாக்கள் எல்லாம் ஒரே லாட்டில் வாங்குங்கள். ஜீரோ பார்த்தபின் பெஞ்சை விட்டு எழுந்து, ஷூட்டிங் ஸ்டிக்கிலும் முட்டிபோட்டும், ஒரு குண்டு சுட்டவுடன் ரைபிளைத் தோளிலிருந்து இறக்காமல் போல்ட்டை இழுத்து இரண்டாவது குண்டும் சுட்டுப் பழகுங்கள். சுத்தமாகத் துடைத்த குளிர்ந்த பேரலின் முதல் குண்டு வேறிடத்தில் விழுவதுண்டு. கடைசியாகத் துடைத்தபின் இரண்டு மூன்று குண்டு சுட்டு அப்படியே எடுத்துச் செல்வது நல்லது.

விமானத்தில் பூட்டிய கெட்டிப் பெட்டியில் ரைபிள், தனியாகத் தோட்டா. ஒருவருக்குத் தோட்டா எடை வரம்பு பொதுவாக 5 கிலோ. .375 தோட்டா ஒன்று 40 கிராம் சுற்றளவு என்பதால் அறுபது தோட்டா இரண்டரை கிலோவுக்குள் அடங்கும். தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறவர் போலீஸின் எஸ்ஏபிஎஸ் 520 படிவத்தை நிரப்பி, ரைபிளின் சீரியல் எண் தாளிலும் இரும்பிலும் ஒன்றுதானா என்று பார்த்துவிடவேண்டும். பையில் டார்க் டிரைவர், ரிங்குக்கும் பேஸுக்கும் உபரி ஸ்க்ரூக்கள், கயிற்றுத் துடைப்பான், உபரி எக்ஸ்ட்ராக்டர் ஒன்று. முகாமில் இறங்கியதும் ஸ்க்ரூக்களின் இறுக்கத்தைச் சரிபார்த்து, நூறு மீட்டரில் இரண்டு குண்டு சுடுங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் ஸ்கோப்பின் சரிசெய்யும் திருகான டரட்டைத் திருப்புமுன் பேஸையும் ஆக்‌ஷன் ஸ்க்ரூவையும் பாருங்கள், அங்கே ஏதோ தளர்ந்திருக்கும்.